பேக்மேன்: பேய்களின் கணக்கை அறிந்து ஆடும் முறை

புதிர்ப்பாதையில் உள்ள புள்ளிகளையெல்லாம் பேய்களிடம் சிக்காமல் தின்று முடிக்க வேண்டிய பேக்மேன் ஆட்டத்தில் அடிக்கடி தோற்பவர்களிடம் காரணம் கேட்டால், பேய்கள் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பார்கள். உண்மையில் அதைச் சொல்ல முடியும். ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி தலைமையில் உருவாகி, 1980 மே மாதம் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் வைக்கப்பட்ட, பெட்டியில் நாணயம் போட்டு ஆடும் இந்த ஆர்கேட் ஆட்டத்தில், நான்கு பேய்களுக்கும் நான்கு வெவ்வேறு குணங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் குணங்கள் ஒவ்வொன்றும் மிகச் சிறிய ஒரு கணக்காக நிரலில் எழுதப்பட்டுள்ளது. அந்தக் கணக்குகளைத் தெரிந்துகொண்டவருக்கு ஆட்டம் துரத்தலாக இருப்பதில்லை. பேய்களை நாம் விரும்பும் இடத்துக்கு அழைத்துச் செல்லும் வேலையாக மாறிவிடுகிறது. அவற்றை எந்த வரிசையில் கற்பது, கற்றதை எப்படிக் கைக்குக் கொண்டுவருவது என்பதை இனிக் காணலாம்.

எந்தப் பதிப்பில் பழகுவது

முதலில் தீர்மானிக்க வேண்டியது இதுதான். பேக்மேன் என்ற பெயரில் கிடைக்கும் ஆட்டங்கள் எல்லாம் ஒன்றல்ல. நம் ஊரில் பலருக்கு இந்த ஆட்டம் தொண்ணூறுகளில் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடிய கேசட் வீடியோ கேம் வழியாகத்தான் அறிமுகமானது. அது 1984இல் ஃபேமிகாம் கருவிக்காக நாம்கோ வெளியிட்ட பதிப்பு. அகலமான தொலைக்காட்சித் திரைக்கு ஏற்றபடி அதன் பாதையைச் சுருக்கியிருந்தார்கள். 1982இல் அட்டாரி 2600 கருவிக்கு வந்த பதிப்பு இன்னும் தொலைவில் விலகிச் செல்கிறது: வெறும் 4 கிலோபைட் கொள்ளளவுக்குள் அடக்கப்பட்ட அதில் பாதையின் அமைப்பே வேறு, பேய்களும் மின்னி மின்னித்தான் தெரியும். இவற்றை விரும்பி ஆடுவதில் தவறில்லை. ஆனால் இங்கே சொல்லப்படும் நேரக் கணக்குகளும் வேகக் கணக்குகளும் 1980ஆம் ஆண்டின் ஆர்கேட் பெட்டிக்கு மட்டுமே பொருந்துவன என்பதால், அந்த ஆர்கேட் நிரலையே அப்படியே இயக்கும் பதிப்பில் பழகுவது அவசியம்.

அதற்கு எளிய வழி, இன்றைய கருவிகளில் அதிகாரபூர்வமாக விற்கப்படும் ஆர்கேட் மறுவெளியீடுகளை வாங்குவது. பேக்மேன் மியூசியம் ப்ளஸ் தொகுப்பிலும் ஆர்கேட் ஆர்கைவ்ஸ் வரிசையிலும் மூல ஆட்டம் இருக்கிறது. பழைய ஆட்டப் பெட்டிகளைக் கணினியில் போலச்செய்யும் மேம் என்ற எமுலேட்டரையும் பலர் பயன்படுத்துகிறார்கள். பேக்மேன் பெட்டியின் வன்பொருளைக் கணினியில் இயக்கிப் பார்க்கும் முயற்சியாகத் தொடங்கி, 1997இல் வெளியானதுதான் அது. எமுலேட்டர் இலவசமானது, ஆட்டத்தின் நிரலைக் கொண்ட ரோம் கோப்புக்கோ உரிமையாளர் உண்டு என்பதால், முறையாகக் கிடைத்த கோப்பையே பயன்படுத்துங்கள். மேமில் நாணயம் போடுவதற்கு 5 என்ற விசையும், ஆட்டத்தைத் தொடங்க 1 என்ற விசையும் அமைக்கப்பட்டிருக்கும். ஆட்டத்தை ஒரு கணத்தில் உறையவைத்துச் சேமித்து, அந்த இடத்திலிருந்தே மீண்டும் மீண்டும் தொடங்கும் வசதி இதில் உண்டு. கற்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

ஆட்டத்தின் உள்ளமைப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூலப் பெட்டியில் உயிர்களின் எண்ணிக்கையை 1, 2, 3, 5 என்றும், கூடுதல் உயிர் கிடைக்கும் மதிப்பெண்ணை 10,000, 15,000, 20,000 என்றும் மாற்றியமைக்கலாம்; கூடுதல் உயிரே இல்லாமலும் வைக்கலாம். மூன்று உயிர், 10,000இல் ஒரு கூடுதல் உயிர் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட அமைப்பு. உங்கள் மதிப்பெண்ணை மற்றவர் மதிப்பெண்ணோடு ஒப்பிட வேண்டுமென்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் வரவேண்டிய பழக்கம்

மூலப் பெட்டியில் இருந்த ஜாய்ஸ்டிக் நான்கு திசைகளில் மட்டுமே நகரும். இன்றைய ஜாய்ஸ்டிக்குகள் பெரும்பாலும் எட்டுத் திசைகளில் நகர்பவை. அவற்றில் மேலே தள்ள நினைத்துச் சற்றுச் சாய்வாகத் தள்ளிவிட்டால், ஒரே நேரத்தில் இரண்டு திசைகள் பதிவாகி, பேக்மேன் திருப்பத்தைத் தவறவிட்டு நேரே சென்றுவிடும். கருவியில் நான்கு திசைக்கு மாற்றும் தகடோ அமைப்போ இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் விசைப்பலகையின் அம்புக்குறிகளே மேல். தொடுதிரையில் இந்த ஆட்டத்தை முறையாகக் கற்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. விரல் திரையை மறைப்பதோடு, திசை மாறியதா இல்லையா என்பதை விரல் நுனி உணர்வதும் இல்லை.

அடுத்துப் பழக வேண்டியது திருப்பம். பேக்மேன் ஒரு மூலையை அடைந்த பிறகு திசையை மாற்றுவது தொடக்கநிலை ஆட்டக்காரரின் வழக்கம். மூலையை அடைவதற்குச் சற்று முன்பே ஜாய்ஸ்டிக்கை அடுத்த திசையில் தள்ளிவிட்டால், பேக்மேன் மூலையைக் குறுக்காக வெட்டிச் சென்று சிறிதளவு தூரத்தை மிச்சப்படுத்தும். பேய்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவை பாதையின் நடுவரை வந்துதான் திரும்ப முடியும். ஒரு திருப்பத்தில் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறியது. ஆனால் அடுத்தடுத்து நான்கைந்து திருப்பங்கள் உள்ள வழியில் ஓடினால், முதுகை ஒட்டி வந்த பேய் கண்ணெதிரே பின்தங்குவதைப் பார்க்கலாம். எனவே துரத்தப்படும்போது நேரான நீண்ட பாதையைத் தவிர்த்து, வளைவுகள் நிறைந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். வேறு எதையும் கற்பதற்கு முன் இதை மட்டும் சில நாள் பழகினாலே மதிப்பெண் உயரும்.

பாதையும் வேகமும்

புதிர்ப்பாதையில் 240 சிறிய புள்ளிகளும் நான்கு பெரிய புள்ளிகளும் உள்ளன. சிறியது ஒவ்வொன்றுக்கும் 10, பெரியதற்கு 50 என, ஒரு நிலையில் புள்ளிகளால் மட்டும் 2,600 மதிப்பெண் கிடைக்கும். எல்லா நிலைகளிலும் பாதை ஒன்றேதான். மாறுவது வேகமும் நேரமும் மட்டுமே.

வேகத்தைப் பற்றிய ஓர் அடிப்படை உண்மையைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பேக்மேன் ஒவ்வொரு சிறிய புள்ளியைத் தின்னும்போதும் திரையின் ஒரு சட்ட நேரம், அதாவது வினாடியில் ஏறத்தாழ 60இல் ஒரு பங்கு, நின்றுவிடுகிறது. பெரிய புள்ளிக்கு மூன்று சட்டங்கள் நிற்கிறது. முதல் நிலையில் பேக்மேனின் வேகம் ஆட்டத்தின் உச்ச வேகத்தில் 80 விழுக்காடு, பேய்களின் வேகம் 75 விழுக்காடு. எனவே வெறும் பாதையில் பேக்மேன் முந்திவிடும். புள்ளிகளைத் தின்றபடியே ஓடும்போது அதன் வேகம் ஏறத்தாழ 71 விழுக்காடாகக் குறைவதால் பேய் நெருங்கிவிடும். இருபதாம் நிலை வரை இந்த உறவு மாறுவதில்லை. ஆபத்து நெருங்கும்போது ஏற்கெனவே தின்று முடித்த வழியில் ஓடுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுவே. அதனால்தான் பாதையை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தின்னாமல், தப்பி ஓடுவதற்கென்று ஒரு பகுதியை முழுமையாகக் காலி செய்து வைத்துக்கொள்வது நல்லது.

இரு பக்கங்களையும் இணைக்கும் சுரங்கப்பாதையில் பேய்களின் வேகம் முதல் நிலையில் 40 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. பேக்மேனின் வேகம் குறைவதில்லை. ஒரு பேயை உதறுவதற்கு இதைவிட நிச்சயமான இடம் கிடையாது. ஆனால் மறுமுனையில் வேறொரு பேய் இருக்கிறதா என்று பார்க்காமல் நுழையாதீர்கள்.

பாதையின் மிக ஆபத்தான பகுதி அடிவரிசை. 26 புள்ளிகள் கொண்ட அந்த நீண்ட பாதையிலிருந்து வெளியேற இரு முனைகளையும் விட்டால் நடுவில் மேல்நோக்கிச் செல்லும் இரண்டு கிளைகள் மட்டுமே உண்டு. முனைக்கும் கிளைக்கும் இடையே இருபுறமும் பேய்கள் வந்துவிட்டால் தப்ப வழியில்லை. ஆகவே அடிப்பகுதியை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். முதல் நிலையில் இதற்கு ஆட்டமே உதவுகிறது. சிவப்புப் பேய் தொடக்கத்திலேயே வெளியில் இருக்கும், இளஞ்சிவப்புப் பேய் உடனே வெளிவரும். நீலப் பேயோ நாம் 30 புள்ளிகளைத் தின்ற பிறகும், ஆரஞ்சுப் பேய் 90 புள்ளிகளைத் தின்ற பிறகுமே பாதையின் நடுவில் உள்ள கூட்டைவிட்டு வரும். அதற்குள் கீழே வேலையை முடித்துவிடலாம். அதற்காகப் புள்ளிகளைத் தின்னாமல் காத்திருந்து பேய்களை உள்ளேயே நிறுத்திவைக்கலாம் என்று எண்ண வேண்டாம். நான்கு வினாடிகள் எதையும் தின்னாமல் இருந்தால் அடுத்த பேய் தானாக வெளியே அனுப்பப்படும்.

நான்கு பேய்களும் எப்படி எண்ணுகின்றன

இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். திரை முழுவதும் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நிரலும் அப்படித்தான் பார்க்கிறது. ஒவ்வொரு பேய்க்கும் எந்தக் கணத்திலும் ஓர் இலக்குக் கட்டம் உண்டு. ஒரு சந்தியை அடையும் பேய், தான் செல்லக்கூடிய ஒவ்வொரு பக்கத்துக் கட்டத்திலிருந்தும் இலக்குக் கட்டத்துக்கு நேர்க்கோட்டில் எவ்வளவு தூரம் என்று அளந்து, மிகக் குறைந்த தூரமுள்ள பக்கம் திரும்புகிறது. இடையில் உள்ள சுவர்களை அது கணக்கில் கொள்வதில்லை. இரண்டு பக்கங்களும் சமமாக இருந்தால் மேல், இடம், கீழ், வலம் என்ற வரிசையில் முந்தியதைத் தேர்ந்தெடுக்கும். வந்த வழியே திரும்பிச் செல்ல அதற்கு அனுமதி இல்லை. பேய்களின் அறிவு இவ்வளவுதான். நான்கு பேய்களும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவது இலக்குக் கட்டத்தை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்பதில் மட்டுமே.

சிவப்புப் பேயான பிளிங்கியின் இலக்கு, பேக்மேன் நிற்கும் கட்டமேதான். அது எப்போதும் உங்கள் பின்னால் வரும். அதைப் பற்றி அஞ்சத் தேவையில்லை, ஒரு விதிவிலக்கைத் தவிர: புள்ளிகள் தீரத்தீர அதன் வேகம் கூடுகிறது. முதல் நிலையில் 20 புள்ளிகள் மிஞ்சும்போது அது உங்கள் வேகத்தை எட்டிவிடும். 10 மிஞ்சும்போது உங்களை மிஞ்சிவிடும். அதனால் கடைசிப் புள்ளிகளைப் பாதையின் நாலா மூலைகளிலும் சிதறவிடுவது ஆபத்தானது. அவை ஒரே ஓட்டத்தில் தின்று முடிக்கக்கூடிய ஓரிடத்தில் சேர்ந்திருக்குமாறு முன்பே திட்டமிடுங்கள்.

இளஞ்சிவப்புப் பேயான பிங்கியின் இலக்கு, பேக்மேன் பார்க்கும் திசையில் நான்கு கட்டங்கள் முன்னால் இருக்கும் கட்டம். உங்களை முந்திச் சென்று வழிமறிக்க முயல்வதால் தொடக்கநிலை ஆட்டக்காரர்களை அதிகம் வீழ்த்துவது இதுவே. ஆனால் ஏமாற்றுவதற்கும் இதுதான் எளிது. நீங்கள் இடப்பக்கம் பார்த்துச் செல்கிறீர்கள், பிங்கி எதிரே வலப்பக்கம் நோக்கி வருகிறது, இருவருக்கும் இடையே இரண்டு கட்டங்களே உள்ளன என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான்கு கட்டங்கள் முன்னால் என்பது இப்போது பிங்கியின் முதுகுக்குப் பின்னால் விழுகிறது. பிங்கியால் வந்த வழியே திரும்பிச் செல்ல முடியாது. நேரே வந்தால் இலக்கிலிருந்து விலகிப் போகும். எனவே இடையில் ஒரு கிளைப்பாதை இருந்தால், உங்களை விட்டுவிட்டு அதில் திரும்பிவிடும். பிங்கியை நேருக்கு நேர் எதிர்த்துச் சென்று விலகவைப்பது இந்த ஆட்டத்தின் மிக அழகான நுணுக்கங்களில் ஒன்று. ஒரு சந்தியில் ஆட்டத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, இதை மட்டும் பலமுறை செய்து பாருங்கள். இடையில் கிளைப்பாதை இல்லாவிட்டால் இது பலிக்காது, உயிர்தான் போகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பேக்மேன் மேல்நோக்கிச் செல்லும்போது மட்டும், நிரலில் உள்ள ஒரு பிழையின் காரணமாக, பிங்கியின் இலக்கு நான்கு கட்டங்கள் மேலேயும் அதோடு நான்கு கட்டங்கள் இடப்புறமாகவும் நகர்ந்துவிடுகிறது. ஆகவே மேலே ஏறும்போது உங்கள் வலப்பக்கத்தைவிட இடப்பக்கத்தில் எச்சரிக்கை தேவை.

நீலப் பேயான இங்கியைப் புரிந்துகொள்வது கடினம், ஏனெனில் அதன் இலக்கு உங்களை மட்டும் பொறுத்ததல்ல. உங்களுக்கு இரண்டு கட்டங்கள் முன்னால் ஒரு கட்டத்தைக் குறித்துக்கொண்டு, பிளிங்கி நிற்கும் இடத்திலிருந்து அந்தக் கட்டம் வரை ஒரு கோடு இழுத்து, அதே நீளத்துக்கு மேலும் நீட்டினால் கோடு முடியும் இடம்தான் இங்கியின் இலக்கு. கணக்கை ஆட்டத்தின் நடுவே போட்டுப் பார்க்க யாராலும் முடியாது; அதன் விளைவை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பிளிங்கி தொலைவில் இருந்தால் இங்கியின் இலக்கும் உங்களைவிட்டு வெகுதூரம் தள்ளிப் போகிறது. பிளிங்கி உங்கள் பின்னால் நெருங்கி வர வர இங்கியும் உங்களை நோக்கிக் குவிகிறது. இரண்டும் சேர்ந்து முன்னும் பின்னும் அடைப்பது தற்செயலல்ல. பிளிங்கியை உதறிவிட்டால் இங்கியின் பிடியும் தளர்ந்துவிடும்.

ஆரஞ்சுப் பேயான கிளைடு எட்டுக் கட்டங்களுக்கு அப்பால் இருக்கும்போது பிளிங்கியைப் போலவே உங்களைத் துரத்துகிறது. எட்டுக் கட்டங்களுக்குள் வந்ததும் மனம் மாறி, பாதையின் கீழ் இடது மூலையை நோக்கித் திரும்பிவிடுகிறது. எனவே திறந்த இடத்தில் கிளைடு நெருங்கி வந்தால் பதறி வழியை மாற்ற வேண்டாம், அது விலகிச் செல்லும் வாய்ப்பே அதிகம். ஆனால் நீங்களே கீழ் இடது மூலையில் இருந்தால் அது வீடு திரும்பும் வழியில் நிற்கிறீர்கள் என்று பொருள். அங்கே அது மற்றப் பேய்களைவிட ஆபத்தானது.

நான்குக்கும் பொதுவான ஒரு தடையும் உண்டு. பேய்களின் கூட்டுக்கு நேர்மேலே உள்ள பாதையில் இரண்டு சந்திகளிலும், பேக்மேன் ஆட்டத்தைத் தொடங்கும் பாதையில் அதன் இருபுறமும் உள்ள இரண்டு சந்திகளிலும், பேய்கள் மேல்நோக்கித் திரும்ப முடியாது. கீழே உள்ள அந்தப் பாதையில் நீங்கள் துரத்தப்படும்போது சட்டென்று மேலே திரும்பினால், பின்னால் வரும் பேய் உங்களைத் தொடர முடியாமல் நேரே சென்று சுற்றி வரவேண்டியிருக்கும். நெருக்கடியில் இவ்வளவு எளிதாகக் கைகொடுக்கும் இடம் பாதையில் வேறில்லை.

ஒதுங்கும் நேரமும் துரத்தும் நேரமும்

பேய்கள் இடைவிடாமல் துரத்தினால் ஆட்டம் தாங்க முடியாததாகிவிடும் என்று கருதிய இவாதானி, அவை அவ்வப்போது துரத்தலை விட்டு ஆளுக்கொரு மூலைக்கு ஒதுங்கும்படி செய்தார். பிளிங்கி மேல் வலது மூலைக்கும், பிங்கி மேல் இடது மூலைக்கும், இங்கி கீழ் வலது மூலைக்கும், கிளைடு கீழ் இடது மூலைக்கும் சென்று அங்குள்ள சுவர்த்திட்டைச் சுற்றிச் சுற்றி வரும். முதல் நிலையில் 7 வினாடிகள் ஒதுங்கல், 20 வினாடிகள் துரத்தல் என இருமுறையும், 5 வினாடிகள் ஒதுங்கல், 20 வினாடிகள் துரத்தல் என ஒருமுறையும் நடந்து, இறுதியாக 5 வினாடிகள் ஒதுங்கிய பிறகு துரத்தல் நிரந்தரமாகிவிடும். இரண்டாம் நிலை முதல் நான்காவது ஒதுங்கல் கண்ணிமைக்கும் நேரமாகச் சுருங்கி, அதற்கு முந்தைய துரத்தல் 17 நிமிடங்களுக்கும் மேல் நீள்வதால், மூன்று ஒதுங்கல்கள் மட்டுமே உண்டு என்று கொள்வதே சரி.

இதை அறிய கடிகாரம் தேவையில்லை. வெளியில் இருக்கும் பேய்கள் எல்லாம் ஒரே கணத்தில், சந்தி இல்லாத இடத்திலும்கூட, வந்த திசைக்கே திரும்பினால் முறை மாறிவிட்டது என்று அறியலாம். ஒதுங்கும் நேரத்தில் நடுப்பகுதியிலும் பேய்கள் இல்லாத மூலைகளிலும் துணிந்து தின்னுங்கள். துரத்தும் நேரத்தில் காலியான வளைவுகளில் சுற்றி நேரத்தைக் கடத்துங்கள். இந்த ஒரு தாளத்தை உணர்ந்துவிட்ட பிறகு ஆட்டத்தில் பதற்றம் பெருமளவு குறைந்துவிடுகிறது. ஓர் உயிரை இழந்தாலும் புதிய நிலை தொடங்கினாலும் இந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

பெரிய புள்ளிகளும் பழங்களும்

பெரிய புள்ளியைத் தின்றதும் பேய்கள் நீலமாகி மிரண்டு ஓடுகின்றன. அடுத்தடுத்துப் பிடிக்கும் பேய்களுக்கு 200, 400, 800, 1,600 மதிப்பெண் கிடைக்கிறது. ஒரு பேயை மட்டும் பிடிப்பவருக்கு 200, நான்கையும் பிடிப்பவருக்கு 3,000. முதல் நிலையில் நான்கு பெரிய புள்ளிகளாலும் பதினாறு பேய்களைப் பிடித்தால் 12,000. புள்ளிகளும் இரண்டு செர்ரிப் பழங்களும் சேர்த்தால் அந்த ஒரு நிலையிலேயே 14,800. கூடுதல் உயிருக்குத் தேவையான 10,000 முதல் நிலையிலேயே கிடைத்துவிடுகிறது. பெரிய புள்ளியைத் தப்பிக்கும் வழியாக மட்டும் பயன்படுத்துபவர் விட்டுவிடுவது இவ்வளவையும்தான்.

நான்கையும் பிடிக்க வேண்டுமென்றால் அவற்றை முதலில் ஒன்றுசேர்க்க வேண்டும். பெரிய புள்ளிக்கு அருகில் உள்ள ஒரு சுவர்த்திட்டைச் சுற்றி வந்துகொண்டே இருங்கள். துரத்தும் நேரத்தில் பேய்கள் ஒவ்வொன்றாக உங்கள் பின்னால் வரிசையில் சேரும். அவை முதுகை ஒட்டி வந்த பிறகே புள்ளியைத் தின்னுங்கள். தின்ற அந்தக் கணமே அவை எதிர்த்திசையில் திரும்பிவிடும் என்பதால், தொலைவில் இருக்கும்போது தின்றால் கைக்கு எட்டாமல் போய்விடும். மிரண்ட பேய்கள் மிக மெதுவாகச் செல்லும். ஆகவே மிக அருகில் இருப்பதிலிருந்து தொடங்கினால் போதும். கூட்டிலிருந்து திரும்பி வந்த பேய் மீண்டும் ஆபத்தானது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

மிரளும் நேரம் முதல் நிலையில் 6 வினாடிகள். இரண்டாம் நிலையில் 5, மூன்றாம் நிலையில் 4 எனக் குறைந்து ஐந்தாம் நிலையில் 2 வினாடிகளாகிவிடும். ஆறாவது, பத்தாவது நிலைகளில் மட்டும் மீண்டும் 5 வினாடிகள் கிடைக்கும். பத்தொன்பதாம் நிலை முதல் பேய்கள் மிரளுவதே இல்லை. ஆனாலும் பெரிய புள்ளியைத் தின்றால் திசை திரும்பும். நெருக்கடியில் அந்தத் திருப்பமே உங்கள் உயிரைக் காக்கும் என்பதால், அந்த நிலைகளில் பெரிய புள்ளிகளைக் கடைசி வரை சேமித்து வையுங்கள்.

பழம் ஒரு நிலையில் இருமுறை, 70 புள்ளிகளைத் தின்றதும் 170 புள்ளிகளைத் தின்றதும், கூட்டுக்குக் கீழே தோன்றி 9 முதல் 10 வினாடிகள் வரை இருக்கும். செர்ரிக்கு 100தான், அதற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். பதின்மூன்றாம் நிலையிலிருந்து வரும் சாவிக்கு 5,000. பேய்கள் மிரளாத நிலைகளில் அதுவே முதன்மையான வருமானம்.

தடம் வகுத்து ஆடுதல்

மேலே சொன்ன எதிலும் தற்செயல் என்று ஒன்று இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மிரண்ட பேய்கள் திரும்பும் திசை மட்டும் தாறுமாறானது போலத் தோன்றும். அதுவும் ஒவ்வொரு நிலையின் தொடக்கத்திலும் ஒரே இடத்திலிருந்து தொடங்கும் எண்வரிசையைப் பின்பற்றுவதுதான். ஆகவே ஒரு நிலையின் தொடக்கத்திலிருந்து நீங்கள் துளியும் மாறாமல் ஒரே வழியில் சென்றால், பேய்களும் ஒவ்வொரு முறையும் துளியும் மாறாமல் அதே வழியில் வரும். 1980களின் தொடக்கத்தில் ஆர்கேட் கூடங்களில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதைக் கண்டறிந்து, நிலைகளுக்கேற்ற தடங்களை வகுத்து மனப்பாடம் செய்தார்கள். 21ஆம் நிலை முதல் வேகமும் நேரமும் மாறுவதே இல்லை என்பதால், அங்கே ஒரே தடம் 255ஆம் நிலை வரை போதும்.

256ஆம் நிலையை யாராலும் முடிக்க முடியாது. நிலையின் எண் 255 வரை மட்டுமே எண்ணக்கூடிய ஒரே ஒரு பைட்டில் வைக்கப்பட்டிருப்பதால், அந்த நிலையில் ஒன்றைக் கூட்டும்போது அது சுழியமாகி, திரையின் அடியில் பழங்களை வரையும் நிரல் பகுதி 256 முறை ஓடி, திரையின் வலப்பாதியை எழுத்தும் குறியுமாக நிரப்பிவிடுகிறது. அதுவரை ஒரு புள்ளியையும் ஒரு பேயையும் ஒரு பழத்தையும் விடாமல், ஓர் உயிரையும் இழக்காமல் வந்தவர் அடையக்கூடிய உச்ச மதிப்பெண் 33,33,360.

மற்றவர்கள் வகுத்த தடங்கள் எளிதில் கிடைக்கும். ஆனால் முதல் தடத்தை நீங்களே வகுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன், ஏனெனில் பேய்களின் கணக்கு அப்போதுதான் மனத்தில் பதியும். பாதையின் படத்தை ஒரு தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். முதல் நிலையைத் தொடங்கி, இடப்பக்கமாகச் சென்று அடிப்பகுதியை முடிக்கும் வரை மட்டும் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்துப் பென்சிலால் வரையுங்கள். அந்த வழியில் சில முறை ஆடி, பேய்கள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏதோ ஒரு திருப்பத்தில் நீங்கள் தயங்கியிருக்கிறீர்கள். மூலையில் ஒரு கணம் நின்றாலும் தடம் கலைந்துவிடும். அது நிலைத்த பிறகு முதல் பெரிய புள்ளி வரை வழியை நீட்டுங்கள். பேய்கள் சேரும் இடத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, அந்த இடத்துக்கு ஏற்றபடி அடுத்த பகுதியை வரையுங்கள். நிலையின் நடுவில் ஓர் உயிரை இழந்துவிட்டால் தடத்தைத் தொடர முயலாதீர்கள். பேய்கள் கூட்டைவிட்டு வரும் கணக்கு அப்போது மாறி, பிங்கி 7 புள்ளிகளுக்கும், இங்கி 17க்கும், கிளைடு 32க்கும் வெளிவரும் என்பதால், அந்த நிலையின் எஞ்சிய பகுதியைக் குணங்களை மட்டும் நம்பி ஆடி முடிக்க வேண்டும்.

முதல் நிலைக்குரிய தடம் இரண்டாம் நிலைக்குப் பொருந்தாது. வேகமும் ஒதுங்கும் நேரமும் மாறிவிடுகின்றன. எனவே தாளின் மேல் நிலையின் எண்ணை எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனித்தாள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து 1982இல் பரவிய மிஸ் பேக்மேன் ஆட்டத்துக்குச் செல்ல விரும்பினால், இந்தத் தாள்களை எடுத்துச் செல்ல வேண்டாம். அதில் பாதைகளும் வேறு; தொடக்க ஒதுங்கலின்போது பேய்கள் சில தாறுமாறாகத் திரும்புவதால் தடம் எதுவும் நிலைக்காது. பிங்கியை எதிர்கொள்ளும் முறையும், திருப்பத்தில் முந்தித் திரும்பும் பழக்கமும், பேய்களைச் சேர்த்துப் பிடிக்கும் பொறுமையும் மட்டுமே அங்கே கைகொடுக்கும்.